பூனையின் தோலில் ஓடிய நீலக் கோடு: நெறிக்கட்டி அறுவை சிகிச்சை எப்படிச் சின்னதானது?

காலில் முள் குத்தி, கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டும். கைவிரலில் சீழ் பிடித்தால் அக்குளில் கட்டும். சொத்தைப் பல் என்றால் தாடைக்குக் கீழே. "நெறி கட்டியிருக்கே, எங்க புண்ணுன்னு பாரு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்காத தமிழர் குறைவு. அவர்கள் யாரும் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வடிகால் இருக்கிறது, அந்த வடிகால் முதலில் போய்ச் சேரும் இடத்தில்தான் வீக்கம் தெரியும் என்பது அனுபவத்தில் வந்த கணக்கு.

இதே கணக்கைப் புற்றுநோய் அறுவை சிகிச்சை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்க 1990-கள் வரை ஆனது. அதற்கு நடுவில் ஒரு பூனை தேவைப்பட்டது. பிறகு பன்றி, முயல், வெள்ளெலி. இன்று ஆய்வகங்களில் விலங்குகளைப் பயன்படுத்துவது சரியா என்ற விவாதம் சூடாக நடக்கும் நேரத்தில், இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏன்னா, "விலங்குச் சோதனை இல்லாமல் மருத்துவமே இல்லை" என்பவர்களுக்கும், "விலங்குச் சோதனையால் எந்தப் பயனும் இல்லை" என்பவர்களுக்கும் இந்தக் கதை ஒரே நேரத்தில் சங்கடம் தருகிறது.

நெறிக்கட்டி என்றால் என்ன?

மருத்துவத் தமிழில் நிணநீர் முடிச்சு. லிம்ப் நோட் என்றால் எல்லோருக்கும் புரியும். ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தேங்கும் நீரை, முடி போன்ற மெல்லிய குழாய்கள் மீண்டும் ரத்தத்துக்கே கொண்டு சேர்க்கின்றன. போகும் வழியில் இந்த நீரை வடிகட்டிப் பரிசோதிக்கும் சோதனைச் சாவடிகள்தான் நிணநீர் முடிச்சுகள். மனித உடம்பில் 500-க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை அவரை விதை அளவு, சில அதைவிடச் சிறியவை.

கிருமி இந்த வழியாகப் போகிறது. புற்றுநோய் அணுவும் போகிறது. மார்பில் வந்த கட்டி பரவத் தொடங்கினால், பெரும்பாலும் அதன் முதல் தடயம் அக்குள் முடிச்சுகளில்தான் கிடைக்கும். வாயில் வந்த கட்டிக்குக் கழுத்தில். அதனால் முடிச்சில் புற்று இருக்கிறதா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியின் பதிலை வைத்துத்தான் கீமோ வேண்டுமா, கதிர்வீச்சு வேண்டுமா என்பதெல்லாம் முடிவாகும்.

எப்படித் தெரிந்துகொள்வது? நீண்ட காலம் மருத்துவத்திடம் இருந்த பதில்: எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பது. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890-களில் பிரபலப்படுத்திய முறையில் மார்பகம், அதன் அடியிலிருக்கும் தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாம் ஒரே மொத்தையாக வெளியே வந்தன. தசையை விட்டுவைக்கும் முறைகள் பிறகு வந்தாலும், அக்குளைக் காலி செய்வது மட்டும் 20-ம் நூற்றாண்டின் கடைசி வரை தொடர்ந்தது.

இதன் விலை என்ன தெரியுமா? வடிகாலை அடைத்தால் தண்ணீர் தேங்கத்தானே செய்யும். அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்த பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. லிம்பெடிமா. இது ஒரு வாரத்தில் வடிந்துபோகும் வீக்கம் இல்லை. வளையல் ஏறாது, ரவிக்கைக் கை இறுக்கும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் வலிக்கும், ஒரு சின்னக் கொசுக்கடி கூடத் தொற்றாக மாறலாம். ஆயுள் முழுக்க இறுக்கமான கையுறை, மசாஜ். இதில் கொடுமை என்னவென்றால், ஆரம்ப நிலையில் வந்தவர்களில் பெரும்பாலானவர்களின் முடிச்சுகளில் புற்று இருந்திருக்கவே இல்லை. இல்லை என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே கையைக் கொடுத்திருக்கிறார்கள்.

பாட்டியின் கணக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் வருகிறது

எல்லா முடிச்சுகளையும் எடுப்பதற்குப் பதில், கட்டியிலிருந்து வரும் நீர் முதலில் தொடும் ஒரே ஒரு முடிச்சை மட்டும் எடுத்துப் பார்த்தால் என்ன? அதில் புற்று இல்லை என்றால், அடுத்ததில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த முதல் முடிச்சுக்குக் காவல் முடிச்சு என்று பெயர் வந்தது. பராகுவேயில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய ரமோன் கபானாஸ், ஆண்குறிப் புற்றுநோயில் இப்படி ஒரு முடிச்சு இருப்பதாக 1977-ல் எழுதினார். ஆனால் அவர், அந்த முடிச்சு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அங்கேதான் சிக்கல். சென்னையில் எல்லாத் தெருவிலும் மழைநீர் வடிகால் ஒரே மூலையிலா இருக்கிறது? ஆளுக்கு ஆள் வழி மாறுகிறது. அந்த இடத்தில் எடுத்த முடிச்சு சுத்தமாக இருந்தும் சிலருக்கு நோய் திரும்பி வந்தது.

அப்படியானால், ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய வழியை அறுவை சிகிச்சை மேஜையிலேயே கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு சிகிச்சை அளித்துவந்த டொனால்ட் மார்டன் குழு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். கட்டிக்குப் பக்கத்தில் சாயம் ஏற்றி, அது எந்தக் குழாயில் ஓடி எந்த முடிச்சில் நிற்கிறது என்று பார்ப்பது. கேட்க எளிது. எந்தச் சாயம்? சில சாயங்கள் குழாய்க்குள் போகாமல் சுற்றியிருக்கும் திசுவிலேயே பரவி, எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். ஒளிரும் சாயங்களைப் பார்க்க அறையை இருட்டாக்க வேண்டும். இருட்டில் கத்தி வைக்க முடியுமா?

இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் பதில் தேடியது பூனைகளில். தோலில் சாயத்தை ஏற்றி, அது தொடையிடுக்கு முடிச்சுகளுக்குப் போகும் வழியைப் பார்த்தார்கள். தோலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நீர் அதற்கென்று உள்ள முடிச்சுக்கே முதலில் போவது தெரிந்தது. ஐசோசல்ஃபான் ப்ளூ, பேட்டன்ட் ப்ளூ ஆகிய நீலச் சாயங்கள் நிணநீர்க் குழாய்க்குள் சட்டென்று நுழைந்து மெல்லிய நீலக் கோடாகத் தெரிந்தன. மார்டனும் அவருடைய சகாக்களும் இந்தப் பூனை ஆய்வை 1991-ல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, 223 மெலனோமா நோயாளிகளிடம் அதே முறையைச் செய்த முடிவுகள் வந்தன.

அந்த 1992 ஆய்வை எப்படி அமைத்தார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காவல் முடிச்சைக் கண்டுபிடித்ததும் "போதும்" என்று தைத்து அனுப்பிவிடவில்லை. அதே நோயாளிக்கு, வழக்கமாகச் செய்யும் முழு அறுவை சிகிச்சையையும் செய்து, மீதி முடிச்சுகள் அத்தனையையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். காவல் முடிச்சு பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்ளும். நோயாளிக்கும் வழக்கமான சிகிச்சையில் எதுவும் குறையாது. 237 இடங்களில் தேடியதில் 194-ல் காவல் முடிச்சு கிடைத்தது. அந்த 194 இடங்களிலிருந்து எடுத்த மற்ற 3,079 முடிச்சுகளில், காவல் முடிச்சைத் தாண்டிப் புற்று தனியாக ஒளிந்திருந்தது வெறும் 2-ல்.

விலங்கு காட்டியது ஒரு சாத்தியம் மட்டுமே. அதை நம்பலாம் என்று நிரூபித்தது மனிதர்களிடம் செய்த இந்தக் கவனமான ஒப்பீடு. இந்த வேறுபாடுதான் மொத்த விவாதத்துக்கும் சாவி. பின்னால் மறுபடியும் தேவைப்படும்.

இருபதிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து பூஜ்ஜியம்

பிறகு வேகம் பிடித்தது. 1993-ல் டேவிட் கிராக் என்ற அமெரிக்க மருத்துவர், நீலச் சாயத்துக்குப் பதில் டெக்னீசியம் என்ற கதிரியக்கத் துகளை ஏற்றி, அது எங்கே நிற்கிறது என்று பேனா மாதிரியான ஒரு கருவியால் தோலுக்கு மேலிருந்தே 'கேட்டுக்' கண்டுபிடிக்கும் முறையை 22 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் முயன்றார். துகளின் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் ஆபத்து குறைவு. அடுத்த ஆண்டு அர்மாண்டோ ஜூலியானோ, மார்டனின் நீலச் சாய முறையை மார்பகப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தார். 174 முயற்சிகளில் 114-ல் மட்டுமே காவல் முடிச்சு கிடைத்தது. மூன்றில் ஒன்று தோல்வி. ஆனால் கை பழகப் பழக வெற்றி விகிதம் ஏறியது.

2010-ல் 5,611 பெண்களை உள்ளடக்கிய என்எஸ்ஏபிபி பி-32 ஆய்வு வெளியானது: காவல் முடிச்சு சுத்தமாக இருந்தால், மீதியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உயிர் வாழும் காலத்தில் வேறுபாடு இல்லை. அதே காலத்தில் வந்த இசட்0011 ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டியை மட்டும் அகற்றி, கதிர்வீச்சும் எடுக்கும் பெண்களுக்குக் காவல் முடிச்சில் ஒன்றிரண்டில் புற்று இருந்தால்கூட, அக்குளைக் காலி செய்ய வேண்டியதில்லை. 2023-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று, மிகச் சிறிய கட்டிகளில், ஸ்கேனில் அக்குள் சுத்தமாகத் தெரிந்தால் அந்த ஒரு முடிச்சைக் கூடத் தொட வேண்டாம் என்று காட்டியிருக்கிறது. இருபதில் தொடங்கி ஒன்றாகி, இப்போது பூஜ்ஜியத்தை எட்டிப் பார்க்கிறது. கை வீக்கமும் ஐந்தில் ஒருவர் என்ற நிலையிலிருந்து, காவல் முடிச்சு மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

ஒரு பெண்ணுக்குக் கை மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பூனைகளின் கணக்கை யார் எழுதினாலும் இந்த வரியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

வயிற்றுக்குள் போனால்?

அக்குளும் தொடையிடுக்கும் தோலுக்கு அடியில் இருக்கின்றன. கர்ப்பப்பை, புராஸ்டேட், குடல் புற்றுநோய்களுக்கான முடிச்சுகள் இடுப்பெலும்புக்குள், பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் பிரான்ஸில் டானியல் தார்ஜாங் போன்றோர் அவற்றைச் சின்ன ஓட்டை வழியாக, கேமராவை உள்ளே விட்டு எடுக்கத் தொடங்கினார்கள். லேப்ராஸ்கோபி. அங்கே ஒரு மில்லிமீட்டர் தவறினால் பெருஞ்சிரை கிழியும்.

இங்கேதான் பன்றி வருகிறது. பன்றியின் வயிற்றுக்குள் வாயுவை நிரப்பினால் மனித வயிறு போலவே உப்பும். ரத்தக் குழாய்களின் அளவும் ஏறத்தாழ நம்முடையதைப் போன்றது. வெட்டினால் உண்மையாகவே ரத்தம் வரும். பிளாஸ்டிக் பொம்மை என்னதான் விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் கடைசி விஷயத்தில் தோற்றுப்போகிறது. அதனால்தான் முடிச்சு எடுக்கும் லேப்ராஸ்கோபி உத்திகள், ரோபோ கருவிகள், ஒளிரும் சாயக் கேமராக்கள் என்று பலவும் பன்றிகளில் முதலில் சோதிக்கப்பட்டன.

2004-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மௌங்கி பவெண்டியும் பாஸ்டன் மருத்துவர்களும் சேர்ந்து, குவாண்டம் டாட் என்ற நுண்துகளை 35 கிலோ பன்றியின் உடலில் ஏற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அது மின்னியது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்த காவல் முடிச்சு, தோலைத் திறப்பதற்கு முன்பே திரையில் தெரிந்தது. பிரமாதம்! அதே பவெண்டிதான் குவாண்டம் டாட்டுக்காக 2023-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அந்தத் துகள் இன்று எந்த மருத்துவமனையிலும் நோயாளியின் உடலில் ஏற்றப்படுவதில்லை. அதில் காட்மியம் இருக்கிறது, நச்சு. துகள் கைவிடப்பட்டது, 'அகச்சிவப்பு ஒளியில் பார்' என்ற யோசனை மட்டும் தங்கிவிட்டது. அந்த வேலையைச் செய்ய, அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி பெற்ற ஐசிஜி என்ற பழைய பச்சைச் சாயம் கிடைத்தது. கர்ப்பப்பைப் புற்றுநோயில் அதைக் கொண்டு ரோபோ உதவியுடன் காவல் முடிச்சைத் தேடிய ஃபயர்ஸ் ஆய்வு 2017-ல் வந்தது. காவல் முடிச்சு அடையாளம் தெரிந்த பெண்களில், பரவியிருந்த புற்றை அது 97 சதவீதம் பேரிடம் சரியாகக் காட்டிக்கொடுத்தது.

பன்றி சொல்லாத விஷயங்கள்

இனி கதையின் மறுபக்கம். இதை விலங்கு ஆய்வு ஆதரவாளர்கள் அடக்கி வாசிப்பதுண்டு.

முதல் விஷயம், பன்றியின் நிணநீர் முடிச்சு உள்புறம் வெளியே திருப்பிப் போட்ட சட்டை மாதிரி. மனித முடிச்சில் நீர் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து நடுவை நோக்கிப் போகும். பன்றியில் நீர் நடுப்பகுதிக்குள் நுழைந்து வெளி ஓரத்துக்கு வரும். சாயமோ, மருந்துத் துகளோ முடிச்சில் எங்கே, எவ்வளவு நேரம் தங்கும் என்ற கேள்விக்குப் பன்றியின் பதிலை அப்படியே மனிதருக்கு எடுத்துக்கொள்ள முடியாது. கத்தி பிடிக்கும் வழியைச் சொல்லிக்கொடுக்கப் பன்றி நல்ல வாத்தியார், முடிச்சுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அவ்வளவாக இல்லை.

இந்த மாதிரித் தடுமாற்றம் புதிதும் இல்லை. 1622-ல் மிலான் நகரில், சாப்பிட்ட நாயின் வயிற்றைத் திறந்த காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர்தான் குடலிலிருந்து பால் போன்ற நீரைச் சுமக்கும் நிணநீர்க் குழாய்களை முதலில் கண்டு விவரித்தவர். மகத்தான கண்டுபிடிப்பு. அதே நாயில் குடலின் அடிவாரத்தில் கொத்தாக இருந்த முடிச்சுகளை அவர் கணையம் என்று நினைத்துவிட்டார்! அந்தக் கொத்துக்கு 'அசெல்லியின் கணையம்' என்ற பெயர் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, ஆய்வகப் பன்றிக்குப் புற்றுநோய் இல்லை. அதன் முடிச்சு மெத்தென்று, நகத்தால் பிரித்தாலே வரும். உண்மையான நோயாளியின் முடிச்சு கல்லாக இறுகி, சிரையோடு ஒட்டிக்கிடக்கலாம். ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கியிருந்தால் எல்லாம் சிமென்ட் பூசினாற்போல் இருக்கும். புற்று உள்ள முடிச்சு வேண்டுமென்றால் விஎக்ஸ்2 என்ற கட்டியை வளர்க்கும் முயல்கள் இருக்கின்றன. நாக்கிலோ காதிலோ கட்டியை வைத்தால் கழுத்து முடிச்சுக்குப் பரவும். ஆனால் அந்தக் கட்டி முயலுக்கே உரியது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கனமானது. சின்ன ஓட்டை நல்லதா என்ற கேள்விக்கு ஆரோக்கியமான விலங்கால் பதில் சொல்லவே முடியாது. 1990-களில் குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோபி வந்தபோது, கருவி நுழைந்த ஓட்டைகளிலேயே புற்று முளைத்ததாகச் சில தகவல்கள் வந்தன. வெள்ளெலிகளின் வயிற்றில் புற்று அணுக்களை விட்டு, வாயு நிரப்பிப் பார்த்த ஆய்வில் ஓட்டையில் கட்டி முளைப்பது கணிசமாகக் கூடியது. எல்லோரும் பயந்துபோனார்கள். ஆனால் 872 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், காயத்தில் நோய் திரும்பியது இரு முறையிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வெள்ளெலி பயமுறுத்தியது வீண்.

நேர் எதிராகவும் நடந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோபியோ ரோபோவோ கொண்டு கர்ப்பப்பையையும் முடிச்சுகளையும் எடுப்பது ஆண்டுக்கணக்கில் உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. சின்னத் தழும்பு, சீக்கிரம் வீடு, குறைந்த ரத்த இழப்பு. யாருக்குத்தான் பிடிக்காது? 2018-ல் 631 பெண்களை வைத்து நடந்த லாக் ஆய்வின் முடிவு வந்தபோது துறையே அதிர்ந்தது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்த குழுவில் 96.5 சதவீதம், சின்ன ஓட்டைக் குழுவில் 86 சதவீதம். இறப்பும் அதிகம். கைநேர்த்திக்கான எல்லாத் தேர்விலும் தேறிய ஒரு முறை, நோயாளி பிழைப்பாரா என்ற தேர்வில் பின்தங்கியது. அந்தத் தேர்வைப் பன்றியிடம் நடத்த வழியே இல்லை. மனிதர்களிடம் பெரிய அளவில் ஒப்பிடாமலேயே முறையைப் பரவ விட்டதுதான் அங்கே நடந்த பிழை.

கை பழக ஓர் உயிர் தேவையா?

ஜூலியானோவின் 174-ல் 114-க்குத் திரும்புவோம். அறுவை மருத்துவர் யாராக இருந்தாலும் முதல் இருபது, முப்பது கேஸ்களில் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தை யார் மேல் இறக்குவது? பயிற்சிக்கு விலங்கைப் பயன்படுத்துவதற்கு ஆதரவான வலுவான வாதம் இதுதான்: நோயாளி மேல் பழகுவதைவிடப் பன்றி மேல் பழகுவது மேல். லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது.

ஆனால் இந்தியச் சட்டம் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருக்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960, புதிய அறிவைத் தேடும் ஆய்வுகளை அனுமதிக்கிறது. கூடவே, வெறுமனே கைத்திறன் பெறுவதற்காக விலங்குகளில் சோதனை செய்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தச் சட்டத்துக்கு விதை போட்டது சென்னைக்காரர். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் பின்னர் அரசின் சட்டமாக உருவெடுத்தது. பிரிட்டன் 1876-லேயே கைப்பழக்கத்துக்காக விலங்குகளை அறுப்பதைத் தடை செய்தது. 1986 சட்டத்தில் நுண் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு மட்டும் விலக்கு தந்தது. அதனால் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர்கள் ஒன்றும் மோசமாகிவிடவில்லை.

மாற்று வழிகள் இப்போது நிறையவே இருக்கின்றன. தொடையிடுக்கு முடிச்சுகளைக் கேமரா வழியாக எடுக்கும் முறையை 2003-ல் அமெரிக்க மருத்துவர்கள் முதலில் செய்துபார்த்தது தானமாகக் கிடைத்த மனித உடல்களில். பிறகு பிரேசிலில் அதை நோயாளிகளிடம் வளர்த்தெடுத்தார்கள். ஆஸ்திரியாவின் வால்டர் தீல் உருவாக்கிய பதப்படுத்தும் முறையில் உடல்கள் விறைக்காமல் மென்மையாகவே இருக்கின்றன. உடல் தானம் பெருகினால் இந்த வழி இன்னும் அகலமாகும். அதோடு, மார்டன் காட்டிய வழியும் இருக்கிறது: புதிதாகக் கற்பவர் காவல் முடிச்சைத் தேடட்டும், பிறகு மூத்த மருத்துவர் வழக்கமான சிகிச்சையை முழுமையாக முடிக்கட்டும். தடுமாற்றத்தின் விலையை நோயாளியும் கொடுக்க வேண்டாம், பன்றியும் கொடுக்க வேண்டாம்.

ஆகவே கோடு எங்கே போட வேண்டும் என்பது ஓரளவு தெளிவு. இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றை, வேறு எந்த வழியிலும் கண்டுபிடிக்க முடியாதபோது, குறைந்த எண்ணிக்கையில், வலியில்லாமல் விலங்கிடம் கேட்கலாம். 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மாற்று, குறை, செம்மைப்படுத்து என்று வகுத்ததும் இதுதான். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கைக்குப் பழக்க வருடா வருடம் பன்றிகளை மேஜையில் கிடத்துவதை, சிமுலேட்டரும் தான உடல்களும் உள்ள காலத்தில் நியாயப்படுத்துவது கடினம். நடுவில் ஒரு சாம்பல் பகுதி இருக்கிறது. பெருஞ்சிரை கிழிந்தால் முதல் முப்பது வினாடியில் என்ன செய்வது என்பதை ரத்தம் ஓடாத உடலில் கற்க முடியாது. தான உடல்களின் ரத்தக் குழாய்களில் பம்ப் வைத்துத் திரவத்தை ஓடவிடும் பயிற்சி அந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கியிருக்கிறது.

இங்கே நிலைமை என்ன?

இந்தியாவில் கேள்வி வேறு திசையிலிருந்து வருகிறது. இங்கே வாய்ப் புற்றுநோய் மிக அதிகம். புகையிலை, குட்கா, பாக்கு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் அனில் டி'குரூஸ் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வு உலக நடைமுறையையே மாற்றியது. ஆரம்பநிலை வாய்ப் புற்றுக்குக் கட்டியை எடுக்கும்போதே கழுத்து முடிச்சுகளையும் எடுத்தவர்களில் மூன்றாண்டு கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்களில் 67.5 சதவீதம்தான். அதனால் எல்லோருக்கும் கழுத்தைத் திற என்பது விதியானது.

ஆனால் அப்படித் திறந்தவர்களில் ஏறத்தாழ 10-ல் 3 பேருக்குத்தான் முடிச்சில் புற்று இருந்தது. மீதி 7 பேர், இல்லை என்று தெரிந்துகொள்ளத் தோள்வலியையும் கழுத்துத் தழும்பையும் ஏற்றுக்கொண்டவர்கள். மார்பகக் கதையேதான், இடம் மட்டும் வேறு. காவல் முடிச்சு முறை இங்கேயும் முழுக் கழுத்து அறுவைக்கு இணையாக நிற்கிறது என்று பிரான்ஸிலும் ஜப்பானிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் 2020-லும் 2021-லும் காட்டிவிட்டன.

அப்புறம் ஏன் நம்ம ஊர் அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இது வரவில்லை? டெக்னீசியம் வேண்டுமானால் அணு மருத்துவப் பிரிவு வேண்டும். காமா கருவி வேண்டும். ஐசிஜி கேமரா விலை அதிகம். எடுத்த ஒரு முடிச்சை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்க்க நேரமும் பழக்கமும் உள்ள நோய்க்குறியியல் நிபுணர் வேண்டும். பெருநகரத் தனியார் மருத்துவமனையில் ஒரு முடிச்சோடு வீடு திரும்பும் அதே நோயாளி, மாவட்டத் தலைநகரில் இருபது முடிச்சைக் கொடுத்துவிட்டு வருவார். இந்த இடைவெளியை இன்னொரு பன்றி ஆய்வு நிரப்பப் போவதில்லை.

மலிவான வழிகளைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் விலை குறைந்த மெத்திலீன் ப்ளூவோடு, கண் மருத்துவத்தில் பல காலமாகப் புழங்கும் ஃபுளோரசின் சாயத்தைச் சேர்த்து, நீல எல்இடி வெளிச்சத்தில் காவல் முடிச்சைத் தேடும் முறை இந்தியாவில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. இருட்டறை வேண்டும் என்பதால் அன்று ஓரங்கட்டப்பட்ட ஒளிரும் சாய வகை, சில ஆயிரம் ரூபாய் விளக்கோடு திரும்பி வந்திருக்கிறது. அதை மாவட்ட மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டியது பயிற்சியும் பட்ஜெட்டும்தான்.

கால்நடை மருத்துவர்களும் இப்போது இந்த முறையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாய்களுக்கு இயல்பாகவே வரும் மாஸ்ட் செல் என்ற தோல் கட்டிக்கு, அதே ஐசிஜி, அதே கேமரா, அதே காவல் முடிச்சு. அங்கே நாய் ஆய்வுப் பொருள் இல்லை, நோயாளி. சிகிச்சை பெறும் அந்த நாய்களின் தரவு, உரிமையாளரின் சம்மதத்தோடு, மனிதருக்கும் உதவும் வகையில் சேகரிக்கப்படுகிறது. கட்டி உண்மையானது, முடிச்சில் பரவியிருப்பதும் உண்மையானது. ஆரோக்கியமான ஆய்வகப் பன்றியிடம் கேட்க முடியாத சில கேள்விகளை இந்த நாய்களிடம் கேட்கலாம். சிகிச்சை முடிந்ததும் அவை வீட்டுக்குப் போகின்றன.